ஓய்வுக் கட்டம்

பினாங்கில் ஒருவரை உதைப்பதற்கு முன்னால் மனு போட வேண்டும் என்பது மோகனாவுக்கு இருபத்தேழு வயது வரை தெரியாமலே போய்விட்டது. அதுவரை மனு எதுவும் போடாமலே பலரை உதைத்திருக்கிறாள். உதை வாங்கியவர்கள் யாரும் புகார் சொன்னதில்லை. எழுந்து, கைகொடுத்து, அடுத்த வாரமும் உதை வாங்க வந்திருக்கிறார்கள். நிர்வாகமே இல்லாத காலம் அது. எப்படித்தான் எல்லாரும் உயிரோடு இருந்தார்களோ!

மோகனா பாயான் லெப்பாஸில் சிப் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் டெக்னீஷியன். காலை ஷிப்ட். மாலை நான்கு மணிக்குத் தொழிற்சாலை பஸ் அவளை ஜெலுத்தோங்கில் அவள் இருக்கும் அடுக்குமாடிக்குக் கீழே இறக்கிவிடும். ஐந்தரைக்கு மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவாள். திங்கள், புதன், வெள்ளி தொமோய். தாய்லாந்துக்காரர்களின் குத்துச்சண்டைக்கு எங்கள் பக்கத்துப் பெயர் அது. செவ்வாய், வியாழன் சிலம்பம். சனி மலாய்க்காரர்களின் தற்காப்புக் கலையான சிலாட். ஞாயிறு ஓய்வு. இந்த அட்டவணையைப் பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதி, ஐஸ்பெட்டிக் கதவில் மாம்பழக் காந்தம் ஒன்றை வைத்து ஒட்டியிருந்தாள். நாலு வருடமாக யாரும் அதை அங்கீகரிக்கவில்லை. ஆனாலும் அது வேலை செய்தது. சிலம்பம் காலை எங்கே வைப்பது என்று கற்றுக்கொடுத்தது. தொமோய் அடிக்கவும் அடியைத் தாங்கவும் கற்றுக்கொடுத்தது. சிலாட், கீழே விழுந்தபிறகு என்ன செய்வது என்று கற்றுக்கொடுத்தது. ஒரு நாள் அதிகம் வலித்தால் அடுத்த நாள் குறைத்துக்கொள்வாள். உடம்பு சொல்வதை அவள் கேட்டாள். உடம்புக்குத் தலைவர், செயலாளர் என்று யாரும் இல்லை.

அவளுக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். போன வருடம் எல்லாக் கலைக்காரர்களும் மோதும் மாநிலத் திறந்த தேர்வில், இறுதிச் சண்டையில், ஒரே ஒரு புள்ளியில் லைலாவிடம் தோற்றுப்போனாள். லைலா அக்கரையில் புக்கிட் தெங்கா தொழிற்சாலையில் வேலை செய்பவள், இரண்டு வயது இளையவள். சண்டை முடிந்து உடை மாற்றும் அறையில் வீங்கிய கண்ணில் ஐஸ் பையை வைத்துக்கொண்டே அவள் சொன்னாள்: "அக்கா, எனக்கே திருப்தி இல்லக்கா. அந்த ஒரு பாயிண்ட் யாரோடதுன்னு எனக்கே தெரியல. அடுத்த வருஷம் வாங்க. முடிச்சிக்குவோம்."

அந்த வார்த்தையை மோகனா ஒரு வருடம் சுமந்தாள். தேர்வில் கலந்துகொள்ள இருபத்தெட்டு வயது நிறைந்திருக்கக் கூடாது. இந்த வருடத் தேர்வு ஜூலை கடைசி ஞாயிறு. அதற்கு மறுநாள் திங்கட்கிழமை மோகனாவுக்கு இருபத்தெட்டு. ஒரு நாள் மிச்சம். அவளுக்கு அது போதும் என்று தோன்றியது.

அந்தச் சமயத்தில்தான் மன்றம் பிறந்தது.

அதன் முழுப் பெயர் 'பினாங்குத் தற்காப்புக் கலைகள் ஒருங்கிணைப்பு, சமநிலை மற்றும் நல்லிணக்க மன்றம்'. கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் நாசி கண்டார் விற்கும் ஒரு சோற்றுக் கடைக்கு மேல்மாடியில் அலுவலகம். பதினொரு மணிக்குக் கீழேயிருந்து மீன்தலைக் குழம்பின் வாசனை ஏறிவரும். அதோடு கூட்டம் முடிந்துவிடும். இதுவரை எந்தத் தீர்மானமும் பதினொன்று ஐந்துக்குப் பிறகு நிறைவேறியதில்லை என்பதை மன்றத்தின் ஒழுக்கத்துக்குச் சான்றாகச் சொல்வார்கள்.

தலைவர் டத்தோ சுப்பையா; டத்தோ என்பது அரசாங்கம் தந்த பட்டம். அவரிடம் ஒன்பது கறுப்புப் பட்டைகள் இருந்தன. ஒன்பதும் விருந்துகளில் கொடுத்தவை. ஒன்பதில் ஒன்றுகூட அவர் இடுப்பைச் சுற்றி முடிச்சுப் போடும் அளவுக்கு நீளமில்லை என்பதால் கண்ணாடி அலமாரியில் தொங்கவிட்டிருந்தார். தொடக்க விழாவில் அவர் பேசினார்:

"நம்ப பிள்ளைங்க ஒரே வாரத்துல மூணு கலை, நாலு கலை கத்துக்கிறாங்க. நல்லதுதான். ஆனா கண்ட்ரோல் இல்ல லா. ஒருத்தன் தொமோய்க்கு மூணு நாள் குடுக்கிறான், சிலாட்டுக்கு ஒரு நாள். சிலாட் மனசு என்ன பாடுபடும்? எனக்குச் சண்டை போடத் தெரியாது, ஒளிச்சிப் பேச மாட்டேன். அதனாலதான் நான் நடுநிலையா இருக்க முடியுது. கீழ கடையில பாருங்க, தட்டுல எல்லாக் குழம்பையும் கலந்து ஊத்துறான், கூவா சம்போர். எந்தக் குழம்பாவது கோவிச்சிக்குதா? அந்த மாதிரி ஆக்கணும் நம்ப பிள்ளைங்கள."

எல்லாரும் கைதட்டினார்கள். அடிக்கத் தெரிந்த ஆசிரியர்கள் கடைசி வரிசையில் இருந்தார்கள். அவர்களும் தட்டினார்கள், பயிற்சி மண்டபங்களின் பதிவு இனி மன்றத்தின் கையில் என்று சுற்றறிக்கை வந்திருந்தது.

முதல் விதி: ஒன்றுக்கு மேற்பட்ட கலை கற்பவர், ஒவ்வொரு கலைக்கும் வாரத்தில் சமமான நேரம் ஒதுக்கிய அட்டவணையைச் சமர்ப்பித்துச் சமநிலைச் சான்றிதழ் பெற வேண்டும். சான்றிதழ் இல்லாதவர் திறந்த தேர்வில் இறங்க முடியாது.

இரண்டாம் விதி: எந்தக் கலையின் வகுப்பாக இருந்தாலும், பதிவு பெற்ற பதினொரு கலைகளின் வணக்கங்களையும் முதலில் முறைப்படி செய்ய வேண்டும். ஒரு கலைக்கு மட்டும் வணக்கம் சொல்வது மற்ற பத்தையும் அவமதிப்பதாகும்.

பழனியப்பன் ஆசானின் சிலம்ப வகுப்பில் இதை முதல் முறை செய்து பார்த்தார்கள். வகுப்பு ஒரு மணி நேரம். சிலம்ப வணக்கம், சிலாட் வணக்கம், முட்டி போட்டுக் குனிவது, நின்று குனிவது, ஒரு கையில் மற்றொரு கை முட்டியை வைப்பது, தொமோய்க்காரர்கள் குருவை நினைத்து ஆடும் ஆட்டம் என்று பதினொன்றும் முடிய ஐம்பத்திரண்டு நிமிடம் ஆனது. ஆசான் கடிகாரத்தைப் பார்த்தார். கம்பை எடுத்துவரச் சொன்னார். எடுத்துவர மூன்று நிமிடம். திருப்பி அடுக்கி வைக்க மூன்று நிமிடம். மிச்சம் இரண்டு நிமிடத்தில் என்ன சொல்லிக்கொடுப்பது என்று தெரியாமல் நின்றார்.

"பிள்ளைங்களா, கம்பு இதுதான். நல்லாப் பாத்துக்குங்க" என்றார். வகுப்பு முடிந்தது.

மோகனா மனுவை எடுத்துக்கொண்டு மேல்மாடி ஏறினாள். செயலாளர் ஹைக்கல் நல்ல பையன் என்று பெயர் எடுத்தவன். முப்பது வயதுக்குள் யார் மனதையும் புண்படுத்தாமல் எல்லார் வேலையையும் கெடுக்கக் கற்றிருந்தான். தமிழ்க் கூட்டாளிகளோடு வளர்ந்ததில் தமிழ் தண்ணீர்பட்ட பாடு.

"அக்கா, இதுல தொமோய் மூணு நாள் போட்டிருக்கீங்க. தாக் போலே லா, முடியாது."

"எனக்கு அதுலதான் தம்பி பலவீனம். அதான் கூடப் போட்டேன்."

"பலவீனத்துக்கு எங்ககிட்ட கட்டம் இல்லக்கா."

இரண்டு இரண்டு நாளாக மாற்றிக் கொண்டுபோனாள். மோட்டார் சைக்கிளில் போகும் இருபது நிமிடம் எந்தக் கலையின் கணக்கு என்று கேட்டு மனு திரும்பி வந்தது. சிலாட் கணக்கு என்று எழுதினாள். மற்ற இரண்டு கலைகளும் அந்த அளவு குறைந்துவிட்டன என்று திரும்பி வந்தது. மூன்றாகப் பிரித்தாள். இருபதை மூன்றால் வகுத்தால் மிச்சம் வருவதை நிர்வாகம் கவனித்தது. அந்த இரண்டு நிமிடமும் சாலை விளக்கில் நிற்பதாக எழுதித்தரச் சொன்னார்கள். எழுதித்தந்தாள். இடது கைக்கும் வலது கைக்கும் தனித்தனி மணி கேட்டார்கள். அதையும் தந்தாள். தூக்கம் எந்தக் கலையைச் சேர்ந்தது என்று கேட்டார்கள்.

"தூங்குறது தூங்குறதுதானே தம்பி?"

"தூக்கத்துல கைகால் ஆடுமில்லக்கா? அது எந்த ஸ்டைல்னு கமிட்டி கேக்குது."

அன்றைக்குத்தான் அவள் முதல் முறையாக யாரையாவது மனு இல்லாமல் உதைத்தால் என்ன என்று நினைத்தாள். நினைத்ததோடு சரி. தேர்வுக்கு ஏழு வாரம் இருந்தது.

ஏழாவது முறை மனு முழுதாக நிரம்பியது. கடைசியில் ஒரு சின்னக் கட்டம் மட்டும் பாக்கி. மலாயில் 'ரெஹாட்' என்று போட்டிருந்தது, ஓய்வு. கட்டம் கட்டைவிரல் நகம் அளவு. 'ஹாரி மிங்கு' என்று எழுத வேண்டும், ஞாயிற்றுக்கிழமை. இடம் போதாமல் எல்லாரும் பேச்சில் சொல்வதுபோல 'மிங்கு' என்று மட்டும் எழுதினாள். கையெழுத்துப் போட்டாள். கீழே இறங்கி ஒரு தே தாரேக் குடித்தாள். நிம்மதியாக இருந்தது. பாவம்.

மன்றத்தின் கம்ப்யூட்டரில் நாட்களின் பட்டியல் ஒன்று இருந்தது. அதில் ஞாயிறு 'அஹாட்' என்று அரசாங்கப் பெயரோடு இருந்தது. மிங்கு அதில் இல்லை. கால அளவுப் பட்டியல் வேறொன்று இருந்தது: மணி, நாள், வாரம். மலாயில் வாரத்துக்கும் மிங்கு என்றுதான் பெயர். மோகனாவின் மிங்கு அங்கே போய் உட்கார்ந்துகொண்டது. ஓய்வு: ஒரு வாரம். வாரத்துக்கு ஒருமுறை ஒரு வாரம் ஓய்வு. கம்ப்யூட்டர் கடமை தவறாமல் மற்ற எல்லாக் கட்டங்களையும் அழித்துக் கூட்டிப் பார்த்தது. தொமோய் சுழியம். சிலம்பம் சுழியம். சிலாட் சுழியம்.

மன்றத்தின் வரலாற்றில் நிமிடம்கூடப் பிசகாத சமநிலை கொண்ட அட்டவணை அது ஒன்றுதான். குழு எழுந்து நின்று கைதட்டியது. பதினொன்று ஐந்துக்குள் சான்றிதழ் கையெழுத்தானது.

கடிதம் பார்த்ததும் மோகனா அரை நாள் லீவு போட்டு ஓடிவந்தாள். "தம்பி, மிங்குன்னா ஞாயித்துக்கிழமை. உங்களுக்குத் தெரியாதா? நீங்க மலாய்க்காரர்தானே?"

"எனக்குத் தெரியும்கா. சிஸ்டத்துக்குத் தெரியாது" என்றான் ஹைக்கல். "இப்ப சூசாக்கா, கஷ்டம். டத்தோ பேப்பர்காரங்ககிட்ட எல்லாம் சொல்லிட்டாரு. வேணும்னா மேல்முறையீடு போடுங்க. மூணு காப்பி."

மூன்று காப்பி போட்டாள். ஒரே வரிதான்: 'நான் எழுதிய மிங்கு ஞாயிற்றுக்கிழமையைக் குறிக்கும்.' பரிசீலனையில் இருக்கிறது என்று ரசீது கொடுத்தார்கள். அதுவரை அங்கீகரித்த அட்டவணையே செல்லும். மீறினால் சான்றிதழ் ரத்து, சேர்த்துக்கொண்ட ஆசிரியரின் மண்டபப் பதிவும் ரத்து.

அன்று மாலை பழனியப்பன் ஆசான் மண்டப வாசலில் நின்றிருந்தார். உள்ளே நாற்பது பிள்ளைகள் எட்டாவது வணக்கத்தில் இருந்தார்கள்.

"கோவிச்சிக்காதம்மா. உன்ன உள்ள விட்டா இதுங்களுக்கு இடமில்லாமப் போயிடும்."

"ஓரமா நின்னு காலடி மட்டும் போட்டுக்கிறேன் ஆசான்."

அவர் அழக்கூடாது என்று முடிவு செய்தவர் போலக் கதவைச் சாத்தினார். தொமோய் ஆசிரியர் ஷாருல் போனையே எடுக்கவில்லை. சிலாட் ஆசிரியர் ஸுல்கிஃப்லி மட்டும் வெளியே வந்து, அவள் நலமாக ஓய்வெடுக்க வேண்டும் என்று துவா செய்தார்.

வீட்டில் பயிற்சி செய்யலாம் என்று பார்த்தாள். மன்றம் இதை எதிர்பார்த்திருந்தது. புதன்கிழமை மாலை, கழுத்தில் அட்டை மாட்டிய இரண்டு பேர் ஓய்வு ஆய்வுக்கு வந்தார்கள். மோகனா கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். ஒருவர் எண்ணினார், மற்றவர் எழுதினார்.

"தோள் உயரத்துக்கு மேல பதினாலு தடவை" என்றார் எண்ணியவர்.

அம்மா நல்லம்மாளுக்குப் பொறுக்கவில்லை. "பிள்ளை துணி காயப்போடுறது குத்தமா ஐயா?"

"குத்தம்னு சொல்லலம்மா. எந்தக் கையால அதிகம் போடுறாங்க?"

அன்றிலிருந்து நல்லம்மாளே துணி காயப்போட்டாள். மோகனாவுக்கு உடம்பு கனத்தது. படியேறினால் மூச்சு வாங்கியது. முழங்காலில் பழைய வலி ஒன்று திரும்பி வந்து, தங்கிக்கொண்டது.

நாலாவது வாரம் அவளைப் பள்ளிக்கூடம் ஒன்றுக்கு அழைத்துப் போனார்கள். மேடையில் ஒரு நாற்காலி. முன்னூறு பிள்ளைகள். 'ஓய்வுச் செய்முறை விளக்கம்' என்று பின்னால் பேனர். அவள் அதில் இருபது நிமிடம் உட்கார்ந்திருந்தாள். டத்தோ ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டு விளக்கினார்:

"பாருங்க பிள்ளைங்களா, எவ்வளவு அழகா சும்மா இருக்காங்க! இந்த மன்றம் வந்ததுக்கு அப்புறம் பினாங்குல பயிற்சியில அடிபட்டவங்க எத்தன பேரு? ஒருத்தரும் இல்ல. ஏன்? பயிற்சியே இல்ல. இதுதான் நிர்வாகம். சண்டையே போடாம சண்டைக் கலையக் காப்பாத்துறது இந்த நாட்டுலயே நாங்க மட்டும்தான்."

பிள்ளைகள் தட்டினார்கள். கடைசி வரிசையில் ஒரு சிறுமி, "அந்த அக்காவுக்குக் கால் நடக்க வராதா?" என்று டீச்சரிடம் கேட்டது மேடை வரை கேட்டது. மோகனாவுக்கு அவமானமாக இருந்தது. செத்துவிடலாம் போல இருந்தது. எழுந்திருந்தால் விதிமீறல். உட்கார்ந்திருந்தாள்.

அன்று மாலை லைலா போன் செய்தாள். "என்னக்கா, ஃபேஸ்புக்ல நாற்காலியில உக்காந்திருக்கீங்க?"

"கேக்காத லைலா. நீ எப்படி இருக்க?"

"எங்க ஜிம்ல ஒரு நாளைக்கு ஐம்பது நிமிஷம் வணக்கம் போட வைக்கிறாங்க. குத்தணும்னு கைய மடக்குனா தானா ரெண்டும் சேந்து கும்பிடுது. பரவால்லக்கா. நீங்க எப்படி வந்தாலும் வாங்க. வந்து நில்லுங்க. அது போதும்."

வந்து நிற்கலாம். சான்றிதழ் இருக்கிறதே. மோகனா அதைத்தான் பிடித்துக்கொண்டாள். ஆறு வாரம் உட்கார்ந்த உடம்பு அடி வாங்கும், தோற்கும். தோற்கட்டும். அந்த ஒரு புள்ளி யாருடையது என்று தெரிந்துவிடும்.

ஜூலை கடைசி ஞாயிறு. மண்டபம் நிறைந்திருந்தது. தொடக்கத்தில் பதினொரு வணக்கங்களும் நடந்தன. அதில் இரண்டு பேர் மயங்கி விழுந்தார்கள். அதுவும் சமநிலையோடு நடந்தது, ஒருவர் இடது பக்கம், ஒருவர் வலது பக்கம். பதினொன்றரைக்குப் பெண்கள் பிரிவு. மன்றம் வந்த வருடம், சான்றிதழ் கிடைத்த பெண்கள் அந்த எடையில் இரண்டே பேர். நேராக இறுதிச் சண்டை.

மோகனா கையில் துணிக்கட்டு சுற்றி, அதன்மேல் பிளாஸ்திரி ஒட்டி, கயிற்றைத் தாண்டி உள்ளே இறங்கினாள். எதிர் மூலையில் லைலா. ஒரு வருடம் கழித்துப் பார்க்கிறார்கள். லைலா சிரித்தாள். மோகனாவும் சிரித்தாள். ஆறு வாரத்துக்குப் பிறகு அவள் முகத்தில் வந்த முதல் சிரிப்பு அது. காலை எங்கே வைப்பது என்று கால்களுக்கு இன்னும் நினைவிருந்தது. வலித்தது, ஆனால் நினைவிருந்தது.

நடுவர் கையை உயர்த்தினார்.

"துங்கு, துங்கு! நில்லுங்க!" என்று கத்திக்கொண்டு ஹைக்கல் ஓடிவந்தான். கையில் உறை. மூச்சு வாங்க, முகமெல்லாம் சிரிப்பு. "தஹ்னியா அக்கா! வாழ்த்துகள்! உங்க மேல்முறையீடு பாஸாயிடுச்சு!"

"என்ன மேல்முறையீடு?"

"மிங்கு! நீங்க சொன்னதுதான் சரின்னு கமிட்டி ஒத்துக்கிச்சு. ஓய்வு ஒரு வாரம் இல்ல, ஞாயித்துக்கிழமைதான். இன்னிக்குக் காலையில சிறப்புக் கூட்டம் போட்டு திருத்திட்டாங்க. சிஸ்டத்துலயே ஏத்தியாச்சு."

"சந்தோஷம் தம்பி. இப்ப வழி விடுங்க. சண்ட இருக்கு."

ஹைக்கலின் சிரிப்பு கொஞ்சம் மங்கியது. "அதில்லக்கா... இன்னிக்கு மிங்கு."

அவளுக்குப் புரியவில்லை. டத்தோ சுப்பையாவே ஒலிபெருக்கியோடு மேடை ஓரத்துக்கு வந்தார்.

"மன்றம் தப்பு பண்ணா ஒத்துக்கும். நம்ப மோகனா ஆறு வாரமா சொன்னாங்க, மிங்குன்னா ஞாயிறு, ஞாயிறு ஓய்வுன்னு. அவங்க கையெழுத்து இருக்கு, மூணு காப்பி இருக்கு. அவங்க வார்த்தைக்கு நாங்க மரியாதை குடுக்கிறோம். இன்னிக்கு ஞாயிறு. அவங்க ஓய்வ யாரும் கெடுக்கக் கூடாது. நானே விட மாட்டேன்."

மண்டபம் கைதட்டியது. பாதிப் பேர் எதற்கென்று தெரியாமல் தட்டினார்கள். மீதிப் பேர் தெரிந்தே தட்டினார்கள்.

எதிர் மூலையில் லைலா கையை இறக்கவே இல்லை. தயாராக நின்றபடியே கத்தினாள். "ஒரே ஒரு ரவுண்டு லா டத்தோ! எனக்கு அந்தக் கப்பு வேணாம். அக்கா, நீங்க வாங்க! அவங்க கெடக்குறாங்க, வாங்கக்கா!"

மோகனா ஒரு அடி எடுத்து வைத்தாள். நடுவர் குறுக்கே வந்தார். கழுத்தில் அட்டை மாட்டிய இருவரும் கயிற்றைத் தாண்டி வந்து, மிகுந்த மரியாதையோடு, நாற்காலி ஒன்றை அவளுக்குப் பின்னால் போட்டார்கள். அதே பள்ளிக்கூட நாற்காலி. அதன் விளிம்பு முழங்காலுக்குப் பின்னால் இடிக்க, அவள் உட்கார்ந்தாள்.

லைலா வென்றதாக அறிவித்தார்கள். அவள் கோப்பையை வாங்க வரவில்லை. மூலையில் முகத்தைத் திருப்பிக்கொண்டு கயிற்றைக் குத்திக்கொண்டிருந்தாள். கயிற்றைக் குத்தியதற்கு அவள்மீது குறிப்பு எழுதப்பட்டது.

கடிதம் பெற்றுக்கொண்டதற்கு மோகனா கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. கைக்கட்டில் பேனா நிற்கவில்லை. ஹைக்கல் முட்டி போட்டு அமர்ந்து, பிளாஸ்திரியை உரித்து, கட்டைவிரலை மட்டும் வெளியே எடுத்து, மையில் தொட்டு, தாளில் அழுத்தினான். கட்டம் நகம் அளவுதான் இருந்தது. ரேகை அதற்குள் அடங்கவில்லை.

"மனசுல வச்சிக்காதீங்கக்கா" என்றான் அவன், மையைத் துடைத்துவிட்டபடி. "நாளைக்குத் திங்கள்தானே? நாளையிலேர்ந்து நீங்க தாராளமாச் சண்ட போடலாம். சிஸ்டத்துல கிளியரா இருக்கு."